உன் பேரில் போட்ட பாட்டு

என் செருப்பின் அடியில் ஒட்டிய பவுடர் வாசனை இன்னும் போகவில்லை. நேற்று வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். இன்று காலை பிரஷ் வைத்து மறுபடி தேய்த்தேன். ஆடுகிற தரையில் கால் வழுக்கிப் போகட்டும் என்று தூவுவார்களே, ரோஜா வாசனை போட்ட மட்டமான பவுடர், அதேதான். வெளிச்செருப்போடு அந்தத் தரையில் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். நேற்று வைத்தேன். ஒரு காலத்தில் இந்த வாசனை வந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நினைவுக்கு வரும், உன் சிரிப்பு நினைவுக்கு வரும். இப்போது குமட்டிக்கொண்டு வருகிறது. செருப்பைப் பால்கனி வெயிலில் போட்டுவிட்டு, ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. டெங்கு என்றார்கள், நாலே நாள், அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வயதில் யாராவது கொசு கடித்துச் சாவார்களா என்று நீயே சண்டைக்கு நின்றிருப்பாய். உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் அழுகையும் ஆறுதலுமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார், எரிச்சலும் அருவருப்புமாக வருகிறது. பரவாயில்லை, சாந்தமான கடிதத்தை நீயும் இரண்டு வரிக்கு மேல் படிக்கமாட்டாய்.

போன வாரம் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது உன் முகம் என் போனில் வந்தது. நம்முடைய பழைய டாங்கோ நடனக் குழுவில் யாரோ செய்த அழைப்பு அட்டை. யார் கல்யாணத்திலோ எடுத்த படத்திலிருந்து உன்னை மட்டும் வெட்டி எடுத்து, சுற்றிலும் சிவப்பு ரோஜா ஒட்டி, உன் நினைவாக ஞாயிறு மாலை நடனம் என்று போட்டிருந்தார்கள். அதுவரைக்கும் சரி. கீழே, 'அவருக்கு மிகவும் பிடித்த பாடலுடன் நிறைவு பெறும்' என்று எழுதி, அந்தப் பாட்டின் பெயரைப் போட்டிருந்தார்கள். எந்தப் பாட்டு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெயரை இங்கே எழுதவும் மாட்டேன், எழுதினால் இந்தத் தாளும் நாறும். வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டு முதல் காரியமாக நமக்கு ஆடச் சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்குப் போன் செய்தேன்.

"மாஸ்டர், அந்தப் பாட்டு அவளுக்குப் பிடிக்காது."

"என்னம்மா சொல்றீங்க? அந்தப் பாட்டுன்னா அவங்களுக்கு உயிராச்சே. அன்னிக்கு ஃப்ளோர்ல எவ்ளோ எமோஷனல் ஆயிட்டாங்க, மறந்துட்டீங்களா?"

எமோஷனல். நீ காறித் துப்பாத குறையாக நடந்து வெளியே போனதற்கு இந்த மனிதர் ஏழு வருஷத்தில் கண்டுபிடித்திருக்கிற பெயர் அது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அந்த வெண்ணெய்க் குரலில் தொடர்ந்துவிட்டார். "அவங்க மதர் வர்றாங்க. நீலசந்திராவுல அவங்க வீட்டுக்கு நானே போய்க் கூப்பிட்டேன். பாவம், சந்தோஷப்பட்டாங்க. நீங்கதான் ஸ்பானிஷ்ல எக்ஸ்பர்ட். பாட்டு போடறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தமிழ்ல நாலு லைன் மீனிங் சொல்லிடுங்க. சாவு கூடப் பிரிக்க முடியாத காதல், அந்த மாதிரி. சிம்பிளா."

சரி என்றேன். ஆமாம், சரி என்றுதான் சொன்னேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். என் நாக்கு எப்போதுமே இப்படித்தான், எதிரில் இருப்பவர் நல்லவிதமாகப் பேசினால் பல்லிடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும்.

நாம் இரண்டு பேரும் அந்த ஹாலுக்குப் போனதே உன்னால்தான். பொம்மனஹள்ளியில் நம் ஆபீஸ், ஐந்தாவது மாடி, ஹோட்டல் புக்கிங் புகார் மேஜை. ரூமில் தண்ணீர் வரவில்லை, ஜன்னல் திறக்கவில்லை, கடல் தெரியும் என்றீர்களே, கார் நிற்கிற இடம்தான் தெரிகிறது என்று ஸ்பெயினிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கூப்பிட்டுக் கத்துவார்கள். சேலத்தில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலைக்காக ஸ்பானிஷ் படித்து வந்தவள் நான். நீ பி.காம். முடித்துச் சாயங்கால வகுப்பில் படித்து வந்தவள். கேன்டீன் சுவரில் டாங்கோ வகுப்பு என்று ஒரு நோட்டீசைப் பார்த்ததும் என் தட்டிலிருந்த சோற்றை முடிக்கக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய்.

"ஏன்டீ, நாள் பூரா அந்த பாஷையில திட்டு வாங்கறோம். ஒரு நாளாவது அந்த பாஷையில ஆடிட்டு வரலாம், வா."

எனக்கு அந்த ஆட்டத்தின் மரியாதைகள் பிடித்துப்போயின. வாயைத் திறந்து 'ஆட வருகிறாயா' என்று யாரும் கேட்பதில்லை. ஹாலின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பார்வை, லேசாக ஒரு தலையசைப்பு. பிடித்தால் நீயும் தலையசைக்கலாம், பிடிக்காவிட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம், யாருக்கும் அவமானம் இல்லை. ஆனால் ஒப்புக்கொண்டுவிட்டால் நான்கு பாட்டு ஒரு கட்டு, நான்கும் முடிகிறவரை அதே ஆளோடுதான் ஆட வேண்டும். நடுவில் ஒருத்தி கையை எடுத்துவிட்டுப் போனால் அது அந்த உலகத்தில் கன்னத்தில் அறைந்த மாதிரி. இதையெல்லாம் மாஸ்டர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். பாட்டு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. தாபம், ரோஜா, சிவப்பு என்று கையை ஆட்டிவிட்டு விட்டுவிட்டார்.

அதை நீ படித்துச் சொன்னாய். ஆபீஸ் கேப் வண்டியில் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நிற்கும்போது எனக்கு நீ நடத்திய பாடம் அது. புவனோஸ் அயர்ஸ் துறைமுகத்தில் பிழைப்புத் தேடிக் கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்கள். ஆண்கள் கூட்டம், பெண்கள் கொஞ்சம். நடுவில் ஒரு முற்றம், சுற்றி இருபது ரூம், ஒரு ரூமுக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் ஒரே குழாய். அந்த முற்றத்தில் ஆணும் ஆணுமாகவே ஆடிப் பழகுவார்களாம், என்றாவது ஒருத்தி கிடைத்தால் அன்றைக்குக் கால் தடுமாறக் கூடாது என்று.

"வட்டாராடீ அது! எங்க லைன்வீட்டு வட்டாராவேதான். தண்ணி வர்ற நேரத்து சண்டைய மட்டும் பாட்டுல விட்டுட்டானுங்க" என்றாய். டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அவர் வீடும் அப்படித்தான் போலிருக்கிறது.

கல்யாணம் என்று ஆசை காட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்து வேறு மாதிரி வீடுகளில் தள்ளப்பட்ட பெண்களைப் பற்றியும் சொன்னாய். அந்த ஊர்ப் பணக்காரர்கள் அந்த ஆட்டத்தைச் சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டதையும், பாரிசில் துரைமார்கள் ஆடிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அதே ஆட்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு கற்றுக்கொள்ள ஓடியதையும் சொன்னாய். உனக்கு அந்த ஆட்டத்தின் மேல் மரியாதை வந்ததே அந்தக் கதையெல்லாம் தெரிந்த பிறகுதான். அதனால்தான் பிறகு நடந்தது உன்னை அவ்வளவு புண்படுத்தியது என்று நினைக்கிறேன்.

நான்காவது வருஷம், ஆண்டு விழா. மாஸ்டரே மேடையில் ஆடப்போகிறார், அவரோடு நீ என்று முடிவானது. பாட்டும் அவரே தேர்ந்தெடுத்தது. முதல் முறை கேட்டபோது நாம் இருவரும் கண்ணை மூடிக்கொண்டோம், அதை மறைக்கப்போவதில்லை. அவ்வளவு இனிமையான வயலின். கடைசியில் ஆண் மண்டியிட்டு, பெண்ணின் ஒரு காலைத் தன் முழங்காலில் வைத்து, ஷூவைக் கழற்றி, உள்ளங்காலில் முத்தமிட வேண்டும். ஒத்திகையிலேயே கூட இருந்தவர்கள் 'ஆஹா' என்றார்கள்.

உன் வழக்கப்படி நீ பாட்டை நோட்டில் எழுதி வார்த்தை வார்த்தையாகப் பிரித்தாய். ஒருவன் பாடுகிறான். நீ தினமும் ஆடப் போகிறாய், நான் உன் கால் வலிக்குமே என்று வெந்நீர் வைத்துக் காத்திருக்கிறேன் என்கிறான். பிறகு அவள் ஷூவை ஒன்று ஒன்றாக அடுப்பில் போடுகிறான். இனிமேல் உன் காலுக்குக் கட்டிலிலிருந்து அடுப்படி வரைக்கும் வழி தெரிந்தால் போதும் என்கிறான். நடுவில் ஒரு வரி மட்டும் நம் இருவருக்கும் பிடிபடவில்லை, அதில் இருந்தது அந்தத் துறைமுகத்துக் கொச்சை. எந்த அகராதியிலும் இல்லை.

அடுத்த வாரம் உனக்கு அர்ஜென்டினாவிலிருந்து ஒரு கிழவியின் அழைப்பு வந்தது, ரத்தான ரூமுக்காக. புகாரை முடித்துக்கொடுத்துவிட்டு, கெஞ்சி, அந்த வார்த்தையைக் கேட்டாய். நான் பக்கத்து மேஜையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சிரித்தாய், பிறகு ஹெட்செட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாய், பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

அது இஸ்திரிப்பெட்டி. கரி போடுகிற, கனமான பழைய பெட்டி. அந்த முற்றத்து வீடுகளில் பெண்கள் ஊர்ப் பணக்காரர்களின் துணிக்கு இஸ்திரி போட்டுத்தான் பிழைத்தார்களாம். அவளுடைய பெட்டியை எடுத்தே அவள் உள்ளங்காலில் வைத்தேன் என்று பாடுகிறான் அவன். கடைசி வரியில் அவள் அவன் கையைப் பிடித்து நன்றி சொல்கிறாள், அவ்வளவு இனிமையான வயலினோடு. கிழவி இன்னொன்றும் சொன்னாளாம். அவளுடைய மாமா குளிக்கும்போது இதைத்தான் பாடுவாராம். மாமி அந்த நேரம் பார்த்து ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாளாம்.

அழைப்பில் சொந்தப் பேச்சுப் பேசினாய் என்று உனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். கேப்பில் ஏறியதும் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "எங்கம்மா இருபத்திரெண்டு வருஷம் கார்மென்ட்ஸ்ல அயர்னிங் செக்‌ஷன்டீ. அவங்க கைல எத்தனை சூடு இருக்குன்னு எண்ணிச் சொல்லட்டா? அதை எடுத்துக் கால்ல வெச்சானாம். அதுக்கு வயலினாம். தூ, கலீஜு" என்றாய்.

மாஸ்டரிடம் அர்த்தத்தைச் சொன்னாய். நானும் உன் பக்கத்தில் நின்றேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, "அதெல்லாம் அப்படியே எடுத்துக்கக் கூடாதும்மா. அந்தக் காலத்துக் காதல் அது. ஆர்ட்டுன்னா கொஞ்சம் டார்க்காதான் இருக்கும்" என்று உன் தோளைத் தட்டினார். வேறு பாட்டு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். பார்க்கலாம் என்றார்.

அவர் பார்த்த லட்சணம் விழாவுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் தெரிந்தது. வெளியூரிலிருந்து ஆடுகிறவர்கள் வந்திருந்தார்கள், ஹால் நிறைந்திருந்தது. அவர் உன்னைப் பார்த்துத் தலையசைத்தார், நீயும் அசைத்தாய். முதல் பாட்டு வேறு. இரண்டாவதாக அதைப் போட வைத்திருந்தார். கட்டின் நடுவில் எந்தப் பெண்ணும் போகமாட்டாள் என்ற தைரியம். நீ அடி எடுத்து வைக்காமல் நின்றாய், அவர் சமாளிக்க அங்கேயே மண்டியிட்டு உன் ஷூவுக்குக் கை நீட்டினார். நீ காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாய். "போதும், நன்றி" என்று ஸ்பானிஷில், ஹாலுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் வெளியே நடந்தாய். பையை எடுக்கும்போது என்னைப் பார்த்தாய். என்னையும் கூப்பிடுகிற பார்வை அது, தெரியாமல் இல்லை. நான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ போனபின் சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். 'மேனர்ஸ் இல்லை', 'எங்கிருந்து வருகிறாள் என்று தெரியுமில்லையா' என்று பேசிக்கொண்டார்கள். நான் சமோசா தின்றேன்.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் என்னைக் கேட்டார். உன் இடத்தில் ஆடுகிறாயா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று பிறகு உனக்கு ஆயிரம் காரணம் சொன்னேன், அத்தனையும் பொய். உண்மை ரொம்பச் சின்னது, அசிங்கமானது. நாலு வருஷமாக அந்த மனிதரின் தலை என் பக்கம் ஒரு முறைகூட அசைந்ததில்லை. ஒவ்வொரு வாரமும் அவர் பார்வை என்னைத் தாண்டி உன்மேல் போய் நிற்கும். எனக்குப் பொறாமை இருந்தது. நீ விட்டுவிட்டுப் போன இடத்தில் ஏறி நிற்க எனக்கு ஆசையாக இருந்தது.

ஆடினேன். ஆண்டு விழா மேடை, விளக்கு, கைதட்டல், என் வீட்டுக்காரர் முதல் வரிசையில் வீடியோ எடுத்தார். மாஸ்டர் மண்டியிட்டார், என் ஷூவைக் கழற்றினார், உள்ளங்காலில் ஈரமாக உதட்டை வைத்தார். அந்த ஹாலில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். மாஸ்டரை விட்டால் அந்த வரிக்கு அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்துகொண்டே கண்ணை மூடிப் புன்னகை செய்தேன். சீ! இதை எழுதும்போது என் காலை நானே நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் கேப்பில், "டியூன் மட்டும்தான்டீ. வார்த்தை யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"உனக்குத் தெரியும்ல" என்றாய். அவ்வளவுதான். ஒரு சண்டை போட்டிருக்கலாம். நாலு நாள் பேசாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு மத்தியானம் வழக்கம்போல் உன் டப்பாவிலிருந்து எனக்கு எலுமிச்சை சாதம் வைத்தாய். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அதைப் பற்றி ஒரு பேச்சு எடுக்கவில்லை. அந்த ஹால் பக்கமும் போகவில்லை. ஒரே ஒரு தடவை, எதற்கோ பேச்சு வந்தபோது, "எழுதினவன் எப்பவோ செத்துட்டான், அவனை நான் என்ன கேக்கறது? அர்த்தம் தெரிஞ்சப்புறமும் ரசிக்கறான் பார், அவன்தானே எதிர்ல நிக்கறான்" என்றாய். மாஸ்டரைச் சொன்னாயா, என்னைச் சொன்னாயா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நேற்றைக்கு வருகிறேன். சந்தாபுராவில் என் வீட்டிலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் உன் அம்மா வந்துவிட்டிருந்தார்கள். முதல் வரிசை நாற்காலி, நல்ல பட்டுப்புடவை, மடியில் ஒரு கட்டைப்பை. மேஜையில் உன் படம், சட்டம் போட்டு, பிளாஸ்டிக் ரோஜா மாலையோடு. மாஸ்டர் வந்து எல்லோரும் பார்க்க உன் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். மைக்கைப் பிடித்து, நீ ஒரு நெருப்பு, நீ அவர்களுடைய டாங்கோ குடும்பத்தின் மகள், நீ இல்லாமல் அந்தத் தரை அழுகிறது என்று பேசினார். உன்னை மேனர்ஸ் இல்லாதவள் என்ற அதே வாய்கள் சுற்றி நின்று மூக்கை உறிஞ்சின. ஒருத்திக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது. செத்தவள் திரும்பி வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை என்றால் யாருக்கு வேண்டுமானாலும் பிரியம் வந்துவிடும் போலிருக்கிறது.

உன் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முகத்தில் மூன்று மாதத்தில் நான் பார்க்காத ஒரு தெளிவு.

"என்னா பாட்டும்மா அது? எம்பொண்ணுக்கு அது மேல உசுராமே. சார் வீட்டுக்கே வந்து சொன்னாரு. வட்டாரா பூரா சொல்லிட்டு வந்துருக்கேன், எம்பொண்ணுக்காகப் பாட்டு போட்டு ஆடறாங்கன்னு. ரெக்கார்டு பண்ணிக் குடுக்கறியா? தெனம் கேக்கலாம்."

தினம் கேட்கலாம். மாஸ்டர் மைக்கை என் கையில் திணித்தார். நாலு வரி தயாராக இருந்தது, பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். சாவு கூடப் பிரிக்க முடியாத காதல். சொல்லியிருந்தால் உன் அம்மா சந்தோஷமாக அழுதிருப்பார்கள். நீலசந்திராவில் அந்த ஒற்றை ரூமில், உனக்கு விளக்கேற்றிவிட்டு, அந்தப் பாட்டை வைத்திருப்பார்கள். அவர்கள் சூடு பட்ட கையாலேயே அதைத் தினமும் போடுவார்கள். ஒரு பொய்தான். பெற்ற மனதுக்கு ஆறுதல் என்று ஊரே அதை நல்லது என்று சொல்லும்.

மைக்கை நாற்காலிக்கு அடியில் வைத்தேன். தொழில்நுட்பக் கோளாறு என்று நினைத்தார்களோ என்னவோ, பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். ஜோடி ஜோடியாக எழுந்தார்கள். அந்த வயலினுக்கு நடுவில் நான் உன் அம்மாவின் காதில் சொன்னேன். வெந்நீர், ஷூ, அடுப்பு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இஸ்திரிப் பொட்டியா?" என்றார்கள்.

"ஆமாம்மா."

"கால்லயா வெச்சான்?"

"ஆமா."

சேலைத் தலைப்புக்குள் வலது கையை இழுத்து மறைத்துக்கொண்டார்கள். ஆடுகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"அவ இதுக்கு ஆடினாளா?"

"இல்லம்மா. மாட்டேன்னு இத்தனை பேர் முன்னாடி நடு ஆட்டத்துல விட்டுட்டுப் போயிட்டா. அவளுக்குச் சுத்தமாப் புடிக்காது." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "அவ எடத்துல நான்தான் ஆடினேன்."

உன் அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். கோபமா, வருத்தமா, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. எழுந்தார்கள். செருப்போடு நேராக ஆடும் தரையில் இறங்கி, ஜோடிகளை விலக்கிக்கொண்டு நடந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். மேஜையிலிருந்த உன் படத்தை எடுத்து, பிளாஸ்டிக் மாலையைக் கழற்றி மேஜையிலேயே வைத்துவிட்டு, படத்தைக் கட்டைப்பைக்குள் வைத்தார்கள். மாஸ்டர் ஓடி வந்தார்.

"அம்மா, என்னாச்சு? ஏதாவது தப்பா?"

"எம்பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போறேன், சார். நீங்க ஆடுங்க. சும்மனே நிக்காதீங்க."

அதைக் கேட்டபோது எனக்குப் புரிந்தது, உன் வாய் யாரிடமிருந்து வந்தது என்று. மாஸ்டர் என்னைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை. நாலு வருஷம் அந்த முகம் என் பக்கம் திரும்பாதா என்று கிடந்தேனே, அந்த முகம். வெண்ணெய் வழிகிற, பயந்துபோன ஒரு சாதாரண முகம். இதற்காகவா என்று எனக்கு என்மேலேயே அருவருப்பாக வந்தது. ஒன்றும் பேசாமல் நடந்துவிட்டேன். பேசியிருக்கலாம், ஏழு வருஷத்துக்கும் சேர்த்து அவரை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். வரவில்லை. நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஆட்டோவில் ஏறினோம். உன் அம்மா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். ஆஸ்டின் டவுன் தாண்டியதும் அவர்கள் ரொம்பச் சாதாரணமாக, கடையில் விலை கேட்கிற மாதிரி கேட்டார்கள்.

"சரி, அவளுக்குப் புடிச்ச பாட்டு எதும்மா?"



உனக்குப் பிடிக்காதது அத்தனையும் எனக்குத் தெரியும். சாம்பாரில் வெல்லம் பிடிக்காது. ஏசியில் உட்காரப் பிடிக்காது. முன்பின் தெரியாதவர்கள் 'டியர்' என்றால் பிடிக்காது. பதினொரு வருஷம் நீ திட்டத் திட்டக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஒருநாள், கேப்பில்தான், உன் காதிலிருந்த இயர்போனில் ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினாய். "இதைக் கேளுடீ, இதைக் கேட்டுட்டு சொல்லு" என்றாய். உன் முகம் அன்று வேறு மாதிரி இருந்தது. நான் வீட்டுக்காரருக்கு ஏதோ மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தேன். "அப்புறம்டீ" என்றேன். தமிழா, கன்னடமா, ஸ்பானிஷா, எந்தப் பாஷைப் பாட்டு என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த அப்புறம் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

உன் அம்மா தலையை ஆட்டினார்கள். "எனக்குந்தான் தெரியல. வீட்ல எப்பவும் காதுல மாட்டிக்கிட்டேதான் கேப்பா. அவ போன்ல இருக்கும். தெனமும் சார்ஜ் போட்டு வெக்கறேன். தொறக்கத்தான் வரல. அதுக்கு என்னாமோ நம்பர் கேக்குது. உனக்குத் தெரியுமா, கண்ணு?"

அதுவும் எனக்குத் தெரியாது. நீலசந்திரா முனையில் இறங்கும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள், அந்தக் கையால். அதை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

காலையிலிருந்து அந்த வயலின் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிறுத்த முடியவில்லை. நீ வெறுத்த பாட்டில் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம்டீ. நீ விரும்பியதில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை.